முகத்தை நகர்த்துங்கள்; ஊர் தெரியட்டும்!

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் வீடு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்த் திரும்பிய பேரன், செல்போனை அப்பத்தாவின் கையில் கொடுக்கிறான்.

"அப்பத்தா, மலை மேல நின்னு எடுத்தது. கீழ ஊரு பூராவும் தெரியும், பாரு."

அப்பத்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறாள். ஒரு படம், இரண்டு படம், இருபது படம். எல்லாவற்றிலும் பேரன் சிரிக்கிறான். அவன் காதுக்குப் பின்னால் ஒரு கோபுரத்தின் நுனி எட்டிப் பார்க்கிறது.

"எய்யா, உன் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. அதைத் தினம் பாக்குறேனே! ஊரு எங்கய்யா?"

பேரன் விழிக்கிறான். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, காலையில் மூச்சிரைக்க மலையில் ஏறி எடுத்த படத்தில் ஊரைக் காணோம்!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. இன்று எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதை. காமிரா இல்லாத கை இல்லை. மலை ஏறாத கால் இல்லை. ஆனால் மலையிலிருந்து ஊரை ஒழுங்காக ஒரு படம் எடுத்து, தேதி எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"எடுக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சில சமயம் உண்மையிலேயே குடி முழுகிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலை இல்லாச் சீமை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஜனங்களுக்கு மலை என்றால் தனி ஆசை. அதில் வியப்பு என்ன? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம். இல்லாவிட்டால் சீமைக் கருவேல். நடுநடுவே ஒற்றைப் பனை. கண்மாய்க் கரைதான் அந்தப் பக்கத்துக் குன்று.

கணக்குப்படி பார்த்தாலும் அப்படித்தான். சமதரையில் நிற்கும் மனிதனுக்கு அடிவானம் சுமார் நாலரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. பூமி உருண்டை அல்லவா? அதே மனிதன் 100 மீட்டர் உயரக் குன்றில் ஏறி நின்றால் அடிவானம் சுமார் 36 கிலோமீட்டருக்குப் போய்விடும். காலுக்கு நூறு மீட்டர் ஏற்றம். கண்ணுக்கு எட்டு மடங்கு உலகம்!

அதனால்தான் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போகும் பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது குழந்தைகள் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறார்கள். முதலில் கண்ணில் படுவது மலை. அதன் பிறகுதான் மதுரை.

மலை இல்லாத சீமையில் பிறந்தவனுக்குத் தன் ஊரை முழுசாகப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. தெருத்தெருவாகத்தான் அவன் ஊரை அறிவான். எனவே மலை உள்ள ஊருக்குப் போனதும் ஏறிப் பார்க்கத் துடிக்கிறான். அந்தத் துடிப்பு நல்லது. அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

திருச்சுழிப் பிள்ளை பார்த்த ஊர்

குண்டாற்றங்கரைத் திருச்சுழிக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பிள்ளை, தகப்பனார் இறந்த பின் மதுரைக்குப் படிக்கப் போனார். 1896-ல், பதினாறு வயதில், வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அவர்தாம் ரமண மகரிஷி.

1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், அதன் பிறகு 1922 வரை அதற்கும் மேலே உள்ள ஸ்கந்தாசிரமத்திலும் அவர் வசித்தார். கரிசல் சீமையில் பிறந்த பிள்ளை, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஊரை மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்!

ஸ்கந்தாசிரமத்துப் பாதையில் நின்று கீழே பார்த்தால் தெரியும் காட்சிதான் இன்று தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்படும் ஊர்க் காட்சிகளில் ஒன்று. அண்ணாமலையார் கோயில் வரைபடம் விரித்ததுபோல் கிடக்கிறது. ஒன்பது கோபுரங்கள். கிழக்கே 217 அடி ராஜகோபுரம். மதிலுக்குள் மதில். அதைச் சுற்றி வீதி, வீதியைச் சுற்றி வீடு, வீட்டுக்கு அப்பால் வயலும் வானமும்.

கீழே நின்றால் கோபுரம் ஒவ்வொன்றையும் தலை நிமிர்ந்து பார்க்கவேண்டும். மேலே போனால், கோயிலை நடுவில் வைத்து ஊரைக் கட்டினார்கள் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் அவ்வளவு தெளிவாக விளங்காது.

அந்த இடத்தில் தினம் நூற்றுக்கணக்கான கைகள் உயருகின்றன. ஆனால் காமிரா திரும்பியிருக்கும் திசைதான் தவறு. ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான் மனிதன்.

மரம் ஏறியது; வீடும் ஏறியது

அந்த மலையின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றைய படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு சேதிகள் கிடைக்கும்.

ஒன்று நல்ல சேதி. ரமணர் காலத்துப் படங்களில் மலைச் சரிவு பெரும்பாலும் மொட்டைப் பாறை. இன்று பல இடங்களில் பச்சை. பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் மரக்கன்று வைத்து, தண்ணீர் சுமந்து, தீயை அணைத்துப் பாடுபட்டதன் பலன் அது. அவர்கள் யாரும் தம் உழைப்பைப் பறைசாற்றவில்லை. படம் பறைசாற்றுகிறது.

இன்னொன்று அப்படிப்பட்ட சேதி அல்ல. கீழே மதிலோடு நின்ற ஊர், மெல்ல மெல்ல மலையின் மடியில் ஏறியிருக்கிறது. முதலில் ஒரு கூரை. அப்புறம் ஒரு ஓடு. அப்புறம் ஒரு தளம். அதற்கு ஒரு மின்கம்பம். அந்தக் கம்பத்தை நம்பி மேலே இன்னும் நாலு வீடு. ஒரு நாளில் நடப்பதல்ல இது. ஒரு நாளில் நடந்திருந்தால் ஊரே கூடிக் கூச்சல் போட்டிருக்கும். வருஷத்துக்கு நாலு முழமாக நடந்ததால் யார் கண்ணிலும் உறுத்தவில்லை.

2024-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. பெஞ்சல் புயலின் மழை திருவண்ணாமலையில் கொட்டோ கொட்டு என்று கொட்டியது. மாலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வந்து வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

அந்த மாதம் 13-ந் தேதி தீபத் திருவிழா. மலை நெகிழ்ந்திருப்பதால் பக்தர்கள் உச்சிக்கு ஏறுவதற்குத் தடை வந்தது. தீபம் எரிந்தது. கீழே நின்று கும்பிட்டவர்களின் கண்கள் தீபத்தை மட்டுமா பார்த்தன? சரிந்த வடுவையும் பார்த்திருக்கும்.

மழையை எந்தப் படமும் தடுக்க முடியாது. பாறையையும் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் ஒன்று செய்திருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை வரிசையாக அதிகாரிகளின் மேஜை மேல் வைத்திருந்தால், "இதோ, இந்தச் சரிவில் வீடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, ஓடை இருந்த இடம் அடைபட்டுவிட்டது" என்று சொல்ல ஒரு சாட்சி இருந்திருக்கும். சாட்சி இருந்தும் கேளாதவர்கள் உண்டு. ஆனால் சாட்சியே இல்லாதபோது யாரைக் குறை சொல்வது?

படமே சாட்சி

போட்டோக் கலை பிறந்ததே ஊரின் கூரைகளைப் பார்த்துக்கொண்டுதான். 1826-27-ல் நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தம் வீட்டு மாடி ஜன்னல் வழியாக எடுத்ததுதான் காமிராவால் எடுத்து இன்றுவரை அழியாமல் இருக்கும் மிகப் பழைய படம். அதில் மனிதன் இல்லை. கூரையும் சுவரும்தான் இருக்கின்றன. ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்ட காலம் அது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க ஊரால்தான் முடிந்தது!

ஜப்பானில் எடோ என்று ஒரு நகரம் இருந்தது. அதன் நடுவே அட்டாகோ என்ற சின்னக் குன்று. உயரம் சுமார் 85 அடிதான். 1860-களின் நடுவில் பியட்டோ என்ற படக்காரர் அதன் மேல் ஏறி, காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்து படங்கள் எடுத்தார். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஒரே நீளப் படம். பிரபுக்களின் மாளிகைகள், வரிசை வரிசையாக ஓட்டுக் கூரைகள். அலையடிக்கும் கடல்போல் கூரைகள்!

1868-ல் அந்த ஊரின் பெயர் டோக்கியோ ஆயிற்று. 1923-ல் பூகம்பமும் தீயும் அதைத் தின்றன. மிச்சத்தை 1945-ல் குண்டு வீச்சு எரித்தது. இன்று அந்தக் குன்றில் ஏறினால் பழைய ஊர் மட்டுமல்ல, புதிய ஊரும் தெரியாது. சுற்றிலும் வானத்தை மறைக்கும் கட்டடங்கள். பழைய எடோ எப்படி இருந்தது என்று ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்த ஐந்து படங்கள் இன்றும் இருக்கின்றன.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும் அப்படியே. 1878-ல் மைபிரிட்ஜ் என்பவர் மேட்டின் மேல் ஒரு மாளிகையின் உச்சியில் நின்று, சுற்றி நாலு திசையையும் 13 தகடுகளில் பிடித்தார். ஒட்டி வைத்தால் நீளம் சுமார் 17 அடி. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1906-ல், பூகம்பமும் தீயும் அந்த நகரத்தின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கின. எது எங்கே இருந்தது என்று கேட்டால் அந்தப் பதினேழு அடிதான் பதில்.

அவர்கள் இருவரும் அழிவை எதிர்பார்த்தா படம் எடுத்தார்கள்? இல்லை. விற்பதற்காகத்தான் எடுத்தார்கள். ஆனாலும் தங்கள் முகத்தை நடுவில் வைக்கவில்லை. அதுவே உலகத்துக்குச் செய்த உபகாரம் ஆகிவிட்டது.

சர்க்கார் மூடிய கடை

தமிழ்நாட்டுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தது. எடோவுக்கு முன்பே வந்தது.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் காப்டனைச் சென்னை ராஜதானி அரசு தன் போட்டோக்காரராக நியமித்தது. பெரிய மரக் காமிராவும், மெழுகு பூசிய காகித நெகடிவ்களுமாக அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் அந்தப் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் தனியாகப் பல பாகங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாகவும் செய்தார்.

அத்துடன் சரி. செலவு அதிகம் என்று 1860-ல் அந்தப் படக் கூடத்தை அரசு மூடிவிட்டது.

அந்தக் கூடம் மட்டும் தொடர்ந்து நடந்திருந்தால்? பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருச்சி மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம், யானைமலையிலிருந்து மதுரை, திருவண்ணாமலைச் சரிவிலிருந்து கோயிலும் ஊரும் என்று பதினாறு, பதினேழு படங்களாவது ஒவ்வொரு ஊருக்கும் இன்று இருந்திருக்கும். மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கத்துத் தெற்குக் கோபுரம் 1987-ல் 236 அடிக்கு எழும்பிய கதையைப் படமே சொல்லியிருக்கும். அன்று மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று இன்று யாருக்கும் தெரியாது. இழந்த படங்கள் மட்டும் இழந்தவைதான்.

அன்று ஒரு காமிராவுக்கு ஒரு மாட்டு வண்டி வேண்டியிருந்தது. இன்று சட்டைப் பையில் இருக்கிறது. செலவு என்ற சாக்கும் போய்விட்டது.

மலையே போனால்?

ஊரைக் காட்டும் மலையும் நிலையானதல்ல என்பதைப் பாண்டி நாடு பார்த்துவிட்டது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்தில் கிரானைட் கல்லுக்காக மலைகளை அறுத்த கதை 2012-ல் நாடெங்கும் நாறியது. உயர்நீதிமன்றம் நியமித்த சகாயம் குழு விசாரித்து, 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அரசுக்கு ஏற்பட்ட நஷ்டம் லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றது அறிக்கை. பணத்தைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். அறுத்துப்போன மலையின் உருவத்தை எப்படிக் கணக்குப் போடுவது? "இங்கே ஒரு குன்று இருந்தது" என்று சொல்லும் கிழவரிடம், "ஆதாரம் உண்டா?" என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

அதே சீமையில் அரிட்டாபட்டி மலை தப்பித்தது. 2022-ல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டபோது ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தங்கள் மலை எப்படிப்பட்டது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நாட்டுக்குக் காட்டவும் தெரிந்திருந்தது. படங்களும் அந்தக் காரியத்தில் கை கொடுத்தன.

இரண்டு ஆட்சேபங்கள்

"வானத்தில் செயற்கைக் கோள்கள் ஓயாமல் படம் எடுக்கின்றனவே, மலை ஏறி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

கோள் எடுப்பது தலைக்கு மேலிருந்து. அதில் கூரை தெரியும்; சுவர் தெரியாது. ஒரு மாடியா, ஆறு மாடியா என்று சாதாரண மனிதனுக்குப் புரியாது. சரிவு எவ்வளவு செங்குத்து என்பதும் புரியாது. மலையிலிருந்து எடுக்கும் படம் மனிதக் கண் பார்க்கும் படம். அதை அப்பத்தாவும் படிப்பாள், நீதிபதியும் படிப்பார்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. "மலையடிவாரத்தில் குடியிருப்பவன் ஏழை. உங்கள் காட்சி அழகுக்காக அவன் குடிசையைப் பிய்ப்பதா?"

கூடவே கூடாது. காட்சிக்காக யாரையும் விரட்டவேண்டாம். ஏழை ஆசைப்பட்டா பாறைக்கு அடியில் போய்ப் படுத்தான்? கீழே நல்ல நிலம் அவன் விலைக்கு எட்டவில்லை. ஆனால் மாண்டதும் அவன்தானே? முதல் குடிசை ஏறியபோதே படம் பேசியிருந்தால், அப்போதே அவனுக்குக் கீழே ஒரு பத்திரமான மனை கொடுத்திருக்கலாம். நூறு வீடு ஏறிய பிறகு இடிப்பது கொடுமை. ஒன்று ஏறும்போதே மாற்று இடம் தருவது ஆட்சி. வருஷா வருஷம் எடுக்கும் படம் ஏழைக்கு எதிரியல்ல, ஏழையின் வக்கீல்.

எப்படி எடுப்பது?

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். சில ஒழுங்குகள் போதும்.

முதலாவது, இடம் மாறக்கூடாது. ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வருஷா வருஷம் அதே பாறைதான். போன வருஷப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே அளவில் சட்டத்துக்குள் கொண்டுவரவேண்டும். பாறையில் பெயர் எழுதவோ செதுக்கவோ வேண்டாம். படத்தைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது, வெயில் முதுகில் இருக்கவேண்டும். திருவண்ணாமலையில் கோயில் மலைக்குக் கிழக்கே. காலையில் ஏறினால் சூரியன் எதிரே நிற்கும். கோபுரங்கள் கறுப்பு நிழலாகத்தான் விழும். மாலை முற்றினால் மலையின் நிழலே ஊரை மூடிவிடும். இரண்டுக்கும் நடுவே, பிற்பகல் சரியான நேரம். யானைமலை மதுரைக்கு வடகிழக்கே இருப்பதால் அங்கே காலை வெயில் நல்லது. மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு மாலை வெயில் நல்லது.

மூன்றாவது, காற்றைப் பார்க்கவேண்டும். தூரத்து ஊரை எடுக்கும்போது நடுவில் உள்ள தூசியும் புகையும் சேர்ந்தே படத்தில் விழும். சித்திரை வெயிலில் கானல் நடுங்கும். கோபுரம் நீரில் ஆடுவதுபோல் தோன்றும். மார்கழியில் காலைப் பனி மூடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து வெறித்த மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். அதுதான் முகூர்த்தம். ஆனால் மழையில் நனைந்த சரிவில் வழுக்கும். தடை உள்ள பாதையில் ஏறவேண்டாம். சாட்சி சொல்லப் போய் பலியாகக் கூடாது.

நான்காவது, செல்போனில் விரலை விரித்துப் பெரிதாக்கி எடுக்கவேண்டாம். பெரும்பாலும் அது தூரத்தை அருகில் கொண்டுவருவதல்ல. படத்தின் ஓரத்தை வெட்டுவதுதான். முழுசாக எடுத்து வைத்தால் பிறகு வேண்டிய இடத்தை வெட்டிக்கொள்ளலாம். கையை ஒரு கல்லின் மேல் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் இராது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: தேதியும் நேரமும் எழுதி, காகிதத்தில் அச்சிட்டு, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுக்கவேண்டும். செல்போனில் கிடக்கும் படம் செல்போனோடு போகும். மூன்று வருஷத்தில் போன் மாறும். முப்பது வருஷம் கழித்து யாரிடம் கேட்பது?

இதை ஒரு பள்ளிக்கூடம் செய்யலாம். ஒரு கல்லூரி செய்யலாம். வருஷத்தில் ஒரு நாள், பத்துப் பிள்ளைகள், ஒரு வாத்தியார், ஒரு படம். அவ்வளவுதான். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சியின் சுவரில் தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் ஊரின் படத்துக்கும் ஓர் ஆணி அடிக்கலாம். வருஷத்துக்கு ஒன்று மாட்டலாம். வரியும் அனுமதியும் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். அனுமதி கொடுக்கிறவர்களும் பார்ப்பார்கள்.

கண்மாய்க் கரையும் மலைதான்

அப்படியானால் மலை இல்லாத ஊர் என்ன செய்யும்? அருப்புக்கோட்டைக்காரன் தன் ஊரை எங்கே ஏறி எடுப்பான்?

கண்மாய்க் கரை இருக்கிறது. கண் மட்டம் 5 மீட்டர் உயரத்துக்குப் போனாலே அடிவானம் 8 கிலோமீட்டர் ஆகிவிடும். கரை மேல் ஏறி நின்றால் ஊர் ஒரே கோட்டில் நீளும். கோபுரம், மினார், தண்ணீர்த் தொட்டி, ஆலைக் கூரை, செல்போன் கம்பம். முன்னால் கண்மாய். அதில் தண்ணீர் இருக்கிறதா, கருவேல் இருக்கிறதா, புதிதாக முளைத்த மனைக் கற்கள் இருக்கின்றனவா? மானாவாரிச் சீமைக்கு அதைவிடப் பெரிய கேள்வி எது?

மலைச் சீமையில் ஊர் மேலே ஏறுகிறது. கரிசல் சீமையில் ஊர் கண்மாய்க்குள் இறங்குகிறது. இரண்டும் ஒரே வியாதி. அங்கே பாறை உருளும். இங்கே ஒரு வருஷம் வெள்ளம் வீட்டுக்குள் வரும், நாலு வருஷம் குடத்துக்குள் தண்ணீர் வராது. இரண்டுக்கும் ஒரே சாட்சிதான்: வருஷா வருஷம் ஒரே இடத்தில் நின்று எடுத்த படம்.

திருச்சுழியிலும் அப்படியே. திருமேனிநாதர் கோயிலும் குண்டாறும் ஒரே படத்தில் விழும்படி ஓர் இடம் பார்த்து, தண்ணீர் ஓடும் நாளில் ஒன்றும் மணல் காயும் நாளில் ஒன்றுமாக வருஷத்துக்கு இரண்டு எடுத்து வைத்தால், இருபது வருஷத்தில் ஓர் ஆற்றின் ஜாதகமே கையில் இருக்கும்.

அப்பத்தா கேட்டது சின்னக் கேள்வி. "ஊரு எங்கய்யா?" என்று கேட்டாள். இன்று அதற்குப் பதில், படத்தில் முகம் மறைத்துவிட்டது என்பதுதான். பரவாயில்லை, முகத்தை நகர்த்திக்கொண்டு இன்னொரு படம் எடுத்துவிடலாம். ஐம்பது வருஷம் கழித்து அவள் பேரனிடம் அவனுடைய பேரன் இதே கேள்வியைக் கேட்பான். அப்போது நகர்த்துவதற்கு முகம் இருக்கும். பின்னால் மலை இருக்கவேண்டும், கண்மாய் இருக்கவேண்டும், ஊர் இருக்கவேண்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு மலை ஏறுகிறவர்கள் தங்களுக்கு ஒரு படம் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு அடி ஒதுங்கி, ஊருக்கும் ஒரு படம் எடுக்கட்டும்.